இடிஞ்சதை இடிஞ்சபடியே வைச்சுக் காப்பாத்தலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள கற்குவியலாக் கிடக்கிற டச்சுக்காரரின்ட தேவாலயத்தைப் பற்றி எங்கட ஆக்கள் கதைக்கேக்க நான் ரெண்டு கதைதான் கேக்கிறனான். ஒண்டு, அதைப் பழையபடி முழுசாக் கட்டி எழுப்போணும் எண்டுறது. மற்றது, அது எங்களை அடக்கி ஆள வந்தவங்கள் கட்டினது தானே, கல்லு முழுக்க அள்ளி இடத்தைத் துப்புரவாக்கினாக் காணும் எண்டுறது. மூண்டாவதா ஒரு வழி இருக்கு, அதை ஒருத்தரும் கதைக்கக் காணேல்லை, அதாலதான் இந்தக் கடிதத்தை எழுதுறன். இடிஞ்ச கட்டடத்தை இடிஞ்ச நிலையிலயே, இனி ஒரு கல்லும் கழண்டு விழாம, தலைமுறை தலைமுறையாக் காப்பாத்தி வைச்சிருக்கலாம். அப்பிடி வைச்சிருக்கிற ஒரு இடத்தை ஸ்கொட்லாந்தில ஒரு சின்னக் கிராமத்தில போய்ப் பாத்திட்டு வந்தனான். பாத்ததில இருந்து இதே யோசினையாத்தான் இருக்கு.

மகள் கிளாஸ்கோவில இருக்கிறா. கொழும்பில இருந்து பிள்ளையளைப் பாக்கப் போற எங்கட வயசுக்காரர் வழமையா என்ன செய்வினம் எண்டு உங்களுக்குத் தெரியும், பேரப்பிள்ளையைப் பாக்கிறது, கோயிலுக்குப் போறது, லண்டனுக்கு ஒருக்காப் போய் சொந்தக்காரர் வீடு வீடா ஏறி இறங்கிறது, கடைசியில எடின்பரோ கோட்டைக்கு முன்னால நிண்டு ஒரு போட்டோ. நானும் அதெல்லாம் செய்தனான், அதில ஒரு குறையும் இல்லை. ஆனா மகளிட்ட "சனம் இல்லாத பழைய இடம் ஒண்டுக்குக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை" எண்டு கேட்டன், அவ தேடிப் பிடிச்சது ஸ்வீட்ஹார்ட் அபி எண்ட இடத்தை. அபி எண்டா கத்தோலிக்கத் துறவிகள் கூட்டமா இருந்து செபிச்சு, தோட்டம் துரவு செய்து, தாங்களே எல்லாத்தையும் பாத்துக்கொண்ட மடம். கிளாஸ்கோவில இருந்து தெற்கால ரெயின் எடுத்து டம்ஃப்ரீஸ் எண்ட ஊருக்குப் போய், அங்கயிருந்து பஸ்ஸில நியூ அபி எண்ட கிராமத்துக்குப் போகோணும், டம்ஃப்ரீஸில இருந்து ஒரு 11 கிலோமீற்றர்தான். பஸ் அடிக்கடி இல்லை, போறவை திரும்பி வாற பஸ்ஸை முதல்லயே பாத்து வைச்சிட்டுப் போங்கோ.

கிராமம் எண்டா ஒரு தெருவும் அதுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை அடிச்ச சின்னச் சின்ன வீடுகளும்தான். பின்னால கிறிஃபல் எண்ட மலை. தெருமுடிவில திரும்பினோடன சிவப்புக் கல்லில அந்தக் கட்டடம் நிக்குது. செங்கல் இல்லை, கல்லே சிவப்பு, அந்தப் பக்கத்தில வெட்டுற மணற்கல். கூரை இல்லை. சுவர், நடுவில சதுரமான கோபுரம், ரெண்டு பக்கமும் வரிசையாத் தூணும் வளைவும், மேற்குப் பக்கச் சுவரில உயரத்தில பெரிய யன்னல், அதுக்குள்ளால வானம் தெரியுது. கீழ நிலம் முழுக்க ஒட்ட வெட்டின பச்சைப் புல்லு. நாங்கள் போன நேரம் தூறல், எங்களை விட ஒரு வயசான சோடிதான் அங்க நிண்டது, காகம் கத்துறது மட்டும் கேட்டுது. துறவிகள் படுத்த சாப்பிட்ட பகுதியள் கிட்டத்தட்ட ஒண்டுமே மிஞ்சேல்லை, கோயில்தான் மிஞ்சியிருக்கு. வளவைச் சுத்தி ஒரு மதில், அதைப் பாத்து நான் மலைச்சுப் போனன், ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள் கட்டிப் பிடிக்க ஏலாத அளவு கருங்கல் பாறை, கிறேன் இல்லாத காலத்தில ஒண்டுக்கு மேல ஒண்டா எப்பிடித்தான் ஏத்தினவங்களோ தெரியாது.

இதைக் கட்டுவிச்சது ஒரு பொம்பிளை. டெர்வோர்கில்லா எண்டு பேர், காலவே எண்ட அந்தப் பகுதியை ஆண்ட பிரபு அலனின்ட மகள். 1223இல ஜோன் டி பாலியல் எண்டவரைக் கலியாணம் முடிச்சவ, நாப்பத்தைஞ்சு வருசம் ஒண்டாச் சீவிச்சு, 1268இல அந்த மனுசன் காலமானார். ஒக்ஸ்போர்ட்டில இண்டைக்கும் இருக்கிற பாலியல் கல்லூரி அவற்ற பேரில உள்ளதுதான், அவர் தொடங்கி வைச்சிட்டுப் போனதுக்கு 1282இல ஒழுங்கு விதி எழுதி நிலையா நிப்பாட்டினது இந்த அம்மாதான். புருசன் செத்தபிறகு அவற்ற இதயத்தைப் பதப்படுத்தி யானைத் தந்தத்தில செய்த பெட்டியில வைச்சுக்கொண்டு திரிஞ்சவவாம். சாப்பாட்டு மேசையில அந்தப் பெட்டியைத் தனக்குப் பக்கத்தில வைப்பிச்சு, அதுக்கும் ஒரு பங்கு சாப்பாடு போட்டு, பிறகு அந்தப் பங்கை ஏழையளுக்குக் குடுப்பிச்சவ எண்டும் சொல்லிக்கொண்டு வந்திருக்கினம். 1273இல புருசன்ட ஞாபகமா இந்த மடத்தைத் தொடங்கினா, ஸ்கொட்லாந்தில சிஸ்டர்சியன் எண்ட கத்தோலிக்கத் துறவிச் சபைக்கெண்டு தொடங்கின கடைசி மடம் இதுதான். 1290இல அவ காலமாகேக்க அந்த இதயத்தோடயே இஞ்ச அடக்கம் செய்தவை. மடத்துக்கு ஸ்வீட்ஹார்ட், அதாவது இனிய இதயம், எண்ட பேர் வந்தது இப்பிடித்தான்.

கோயிலுக்குள்ள தெற்குப் பக்கம் அவவின்ட சமாதி இருக்கு. பழைய துண்டுகளைச் சேர்த்துத் திருப்பி ஒப்பேத்தி வைச்சது. மேல அவவின்ட கல்லு உருவம், தலை இல்லை, உடம்பும் முழுசா இல்லை. ஆனா கை மிஞ்சியிருக்கு, அந்தக் கைக்குள்ள இதயம் நெஞ்சோட அணைச்சபடி இருக்கு. நான் கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தன், கல்லு தேஞ்சு மழுங்கிப் போயும் விரல் பிடிச்ச பிடி தெரியுது. இந்த இடத்தில ஒண்டைக் கவனியுங்கோ. தலை இல்லை எண்டு ஒருத்தரும் புதுசா ஒரு தலை செய்து வைக்கேல்லை. எங்கட ஊரில எண்டா ஆராவது ஒரு நன்கொடையாளர் வந்து சீமெந்தில முகம் வைச்சு, மூக்கு முழி எழுதி, பெயின்ற் அடிச்சு, கீழ உபயம் எண்டு தன்ர பேரையும் பொறிச்சிருப்பார். நல்ல மனசோடதான் செய்வார், ஆனா அந்தப் பழைய கை பிறகு ஆற்ற கண்ணுக்கும் தெரியாது.

மடத்தின்ட கதை சுகமான கதை இல்லை. அந்த அம்மாவின்ட மகன் ஜோன் 1292இல ஸ்கொட்லாந்துக்கு ராசாவாகி, 1296இல இங்கிலாந்து ராசா முதலாம் எட்வர்ட் அவரை இறக்கிப் போட்டான். பிறகு ரெண்டு நாட்டுக்கும் நடந்த நீண்ட சண்டை முழுக்க இந்த எல்லைப் பக்கத்தாலதான் போய் வந்தது, எட்வர்டே 1300இல இந்த மடத்தில வந்து நிண்டிருக்கிறான். 1560இல ஸ்கொட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டு புரட்டஸ்தாந்துக்கு மாறேக்க மடங்கள் எல்லாத்தின்ட காலமும் முடிஞ்சுது. இஞ்ச கடைசி மடாதிபதியா இருந்த கில்பர்ட் பிரவுண் லேசில விட்டுக் குடுக்கேல்லை, தடை வந்த பிறகும் கன காலம் பழைய முறையில பூசை வைச்சுக்கொண்டு இருந்தவர், கடைசியில நாட்டை விட்டுப் போய் 1612இல பாரிஸில காலமானார். அதுக்குப் பிறகு கட்டடத்துக்குச் சொந்தக்காரர் மாறி மாறி வந்தினம், பாதுகாப்பார் இல்லை, சனம் கல்லைக் கழட்டிக் கொண்டு போய் வீடு கட்டத் தொடங்கிச்சுது. சும்மா கிடக்கிற வெட்டின கல்லு, ஆர்தான் விடுவினம். எங்கட பக்கத்தில பழைய மதில் கல்லு கிணத்தடிக்கும் அத்திவாரத்துக்கும் போன மாதிரித்தான் அங்கயும் போயிருக்கு.

இனிச் சொல்லப் போறதுதான் எனக்குப் பெரிய விசயமாப் பட்டது. 1779இல அந்தப் பகுதி ஆக்கள் சிலர் ஒண்டு சேர்ந்து, இனியும் கல்லுக் கழட்ட விடக்கூடாது எண்டு, தங்கட காசைப் போட்டு அந்த இடிபாட்டை வாங்கியிருக்கினம். தொல்பொருள் சட்டம், திணைக்களம், சுற்றுலா எண்ட கதையே இல்லாத காலம் அது. மிஞ்சினது எங்கட ஊருக்கு ஒரு அழகு, அது நிக்கட்டும் எண்டதுதான் அவையின்ட காரணம். அவை ஆர் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. துறவிகளின்ட சமயத்தை விட்டு விலகி ரெண்டு நூற்றாண்டு கழிஞ்ச சனம். மடத்தைக் கட்டின சமயம் தங்கட சமயம் இல்லை, அந்தப் பூசையை நிப்பாட்டினது தங்கட பாட்டன் பூட்டன்மார். அப்பிடி இருந்தும் கல்லைக் காப்பாத்தினவை. பிறகு 1928இலதான் அரசாங்கம் பொறுப்பெடுத்தது, இப்ப ஹிஸ்டோரிக் என்வைரன்மென்ற் ஸ்கொட்லாந்து எண்ட அமைப்பு பாக்குது. அரசாங்கம் வாறதுக்கு முன்னால நூற்றைம்பது வருசத்துக்குக் கிட்ட ஊர்க்காரர்தான் அதை விழாம வைச்சிருந்திருக்கினம்.

எப்பிடி வைச்சிருக்கினம் எண்டதையும் சொல்லோணும், ஏனெண்டா அது எங்களுக்கு உதவுற விசயம். நான் ஒரு தூணுக்குக் கிட்டப் போய் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில உள்ள பூச்சை நல்லாப் பாத்தன். கூடுதலான இடத்தில சுண்ணாம்புச் சாந்து, நகத்தால சுரண்டினா கொஞ்சம் உதிரும் போல மெத்தெண்டு இருக்கு. ஒரு இடத்தில மட்டும் சாம்பல் நிறத்தில இறுக்கமா ஒரு பூச்சு, பார்த்தோடனயே சீமெந்து எண்டு விளங்குது. அந்தச் சீமெந்து அப்பிடியே நிக்குது, ஆனா அதைச் சுத்தி உள்ள கல்லு அரிச்சு உள்ளுக்குப் போயிட்டுது, பூச்சு வெளிய தள்ளிக்கொண்டு நிக்குது. தொட்டா விரலில சிவப்புத் தூள் ஒட்டுது. அங்க வேலையில நிண்டவரிட்ட மகள் கேட்டா, அவர் விளங்கப்படுத்தினார். மழைத் தண்ணி சுவருக்குள்ள போகத்தான் செய்யும், போன தண்ணி திரும்பி வெளிய வர ஒரு வழி வேணும். சாந்து கல்லை விட மெத்தெண்டு இருந்தா தண்ணி சாந்தாலேயே வெளிய வந்து காஞ்சு போகும், கெட்டாச் சாந்துதான் கெடும், அதை இருபது முப்பது வருசத்துக்கு ஒருக்கா மாத்திப் பூசலாம். சீமெந்தைப் பூசினா தண்ணி அதாலே வராது, கல்லாலதான் வரும், வரேக்க கல்லைத்தான் அரிக்கும், குளிர் காலத்தில உள்ளுக்கேயே உறைஞ்சு கல்லை வெடிக்க வைக்கும். அந்த நாட்டிலயும் 20ஆம் நூற்றாண்டில சீமெந்தால நிறையப் பூசிப்போட்டு, இப்ப அதைக் கவனமாக் கிளப்பி எடுத்துச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு இருக்கினமாம்.

சுவரின்ட உச்சியையும் பாக்கச் சொன்னார். கூரை போன சுவருக்கு முதல் எதிரி மேல இருந்து இறங்கிற தண்ணிதான். அதாலே உச்சியை மட்டும் தண்ணி வழிஞ்சோடுற மாதிரி சுண்ணாம்பால மூடுறது, சில இடங்களில மண்ணும் புல்லும் சேர்த்துத் தொப்பி மாதிரிப் போட்டு விடுறது, புல்லு தண்ணியைக் குடிச்சுக்கொள்ளும். மரம் செடி வேர் விட விடுறேல்லை, சின்னனா இருக்கேக்கையே பிடுங்கிறது. விழுந்த கல்லை ஒரு பக்கத்தில ஒழுங்கா அடுக்கி, எங்கயிருந்து விழுந்தது எண்டு குறிச்சு வைக்கிறது. இடிஞ்சு முழுசாப் போன அறையளின்ட அத்திவாரக் கோட்டைப் புல்லுக்குள்ள தெரிய விடுறது, நடந்து போகேக்க இது சாப்பாட்டு மண்டபம் இது படுக்கை அறை எண்டு கால்லயே விளங்கும். இவ்வளவுதான். மாளிகை கட்டுற வேலை ஒண்டும் இல்லை.

அங்கயும் எல்லாம் சுகமாப் போகுது எண்டு நான் சொல்ல வரேல்லை. சில பகுதியைக் கம்பி வேலி போட்டு மறிச்சிருந்தது, மேல இருக்கிற கல்லு எப்பிடி இருக்கு எண்டு கிட்டப் போய்ச் சோதிச்சு முடியுமட்டும் சனம் கீழ நிக்கக்கூடாது. இப்பிடி ஸ்கொட்லாந்து முழுக்க நிறையப் பழைய இடங்களில அண்மைக் காலமா மேல் கல்லைச் சோதிச்சுக்கொண்டு வருகினம், மழை முந்தியை விடக் கூடப் பெய்யுது, கல்லு காயிறதுக்கு நேரம் கிடைக்கிறேல்லை. தூரத்தில இருந்து வந்து வேலிக்கு வெளிய நிக்கேக்க எரிச்சல் வரும்தான். ஆனா ஒரு கல்லு ஒரு பிள்ளையின்ட தலையில விழுந்த பிறகு ஓடி வாறதை விட இது நல்லது.

இப்ப எங்கட கதைக்கு வாறன். யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல டச்சுக்காரர் பிடிச்சுப் பிறகு ஐங்கோணமாப் பெருப்பிச்சுக் கட்டினவை. உள்ள இருந்த தேவாலயத்தைக் கட்டினது 1706இல, நாலு பக்கமும் ஒரே அளவான சிலுவை வடிவத்தில, தடிச்ச சுவரோட, உள்ள நிலத்தில டச்சுக்காரரின்ட கல்லறைக் கல்லுகள் பதிச்சிருந்தது. எங்கட தலைமுறையில அதை முழுசாப் பாத்த ஆக்கள் இன்னும் உயிரோட இருக்கினம். 1990இல கோட்டையைச் சுத்தி நடந்த சண்டையில அது போச்சுது. யுத்தம் முடிஞ்சு கோட்டை மதிலைத் திருத்தத் தொடங்கினது நல்ல விசயம், நெதர்லாந்தும் அதுக்குக் காசு குடுத்து உதவினது. பின்னேரத்தில சனம் மதிலுக்கு மேல ஏறிக் கடல் பாக்குது, பிள்ளையள் ஓடி விளையாடுதுகள், பாக்க வடிவாத்தான் இருக்கு. ஆனா தேவாலயம் நிண்ட இடத்தில கல்லுக் கும்பியும் பத்தையும்தான். இது கோயிலோ ஆஸ்பத்திரியோ களஞ்சியமோ எண்டு வாற பிள்ளைக்கு விளங்காது. கொழும்பில இருந்து ரெயினில போய் கோட்டையைச் சுத்தின ஆக்கள் எனக்குத் தெரிஞ்சு எத்தினையோ பேர், அதில பாதிப் பேருக்கு உள்ள ஒரு தேவாலயம் இருந்ததே தெரியாது.

அதைத் திருப்பிக் கட்டோணும் எண்டு சொல்லுற ஆக்களின்ட ஆசை எனக்கு நல்லா விளங்குது. ஆனா எதால கட்டப் போறம்? அது முருகைக்கல்லும், அதாவது கடலுக்குள்ள இருக்கிற பவளப்பாறைக் கல்லும், சுண்ணாம்பும். கடலுக்குள்ள முருகைக்கல் எடுக்கிறது இப்ப சட்டப்படி தடை, தடை சரியானது தான், கரையைக் காக்கிறதே அந்தக் கல்லுதான். அப்ப சீமெந்துக் கல்லால கட்டி மேல பூசி வெள்ளை அடிச்சு 1706 எண்டு எழுதி வைக்கிறதோ? அதுக்குள்ள இருக்கிறது எங்கட காலத்துக் கட்டடம்தானே. அதோட 1990இல அது எப்பிடி விழுந்தது எண்ட விசயமும் சேர்ந்து அழிஞ்சு போகும். அந்தக் கல்லுக் கும்பிக்குள்ள டச்சுக்காரரின்ட முந்நூறு வருசக் கதையும் இருக்கு, எங்கட முப்பது வருசக் கதையும் இருக்கு. ஒண்டை எடுத்து மற்றதை மறைக்கக் கூடாது எண்டது என்ர எண்ணம்.

ஆக்கிரமிக்க வந்தவங்கள் கட்டினது எங்களுக்கு என்னத்துக்கு எண்டு கேக்கிறவைக்கும் ஒண்டு சொல்லோணும். அந்தக் கல்லைக் கடலுக்குள்ள இருந்து தூக்கினது ஆர், சூளையில சுண்ணாம்பு சுட்டது ஆர், சாந்து குழைச்சுச் சுவர் எழுப்பினது ஆர்? டச்சுக்காரன் படம் கீறியிருப்பான், கையால செய்தது எங்கட சனம், அதில கன பேர் கூலி இல்லாமக் கட்டாய வேலை செய்த சனம். அந்த வேலையின்ட அடையாளம் வேற எங்கயும் எழுதி வைக்கேல்லை, அந்தச் சுவரிலதான் இருக்கு. அதை அள்ளிக் கொட்டினா போறது அவனின்ட பேர் இல்லை, எங்கட ஆக்களின்ட உழைப்பு.

முருகைக்கல் விசயத்தில சீமெந்து மணற்கல்லுக்குச் செய்ததை விடக் கூடக் கெடுதல் செய்யும். அந்தக் கல்லு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை, கடல் உப்பு உள்ளுக்கேயே இருக்கு, பக்கத்தில கடல்நீரேரி வேற. சுவர் காயேக்க உப்பு வெளிய வந்து படிஞ்சு கல்லைப் பொரிய வைக்கும். சுண்ணாம்புப் பூச்சு எண்டா உப்பும் ஈரமும் அதுக்குள்ளால வந்து, பூச்சு மட்டும் உதிரும், திரும்பப் பூசலாம். சீமெந்து எண்டா உள்ளுக்குள்ளேயே கல்லு மாவாப் போய், ஒரு நாள் பூச்சும் கல்லுமாச் சேர்ந்து பொத்தெண்டு விழும். யாழ்ப்பாணத்தில பழைய நாற்சார் வீடுகளைத் திருத்திறம் எண்டு சீமெந்து பூசி, பத்து வருசத்தில சுவர் ஊதிக் கழண்டு வந்ததை எங்கட சொந்தத்துக்குள்ளயே பாத்திருக்கிறன், சங்கானைப் பக்கம் போற ஆக்கள் அங்க இருக்கிற போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலய இடிபாட்டையும் ஒருக்கா இறங்கிப் பாருங்கோ, அதுவும் முருகைக்கல்லுத்தான், கூரை இல்லாம மழை வெயில் எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு நிக்குது. சுண்ணாம்பு ஊற வைச்சுப் பக்குவம் பாத்துப் பூசத் தெரிஞ்ச பழைய மேசன்மார் இன்னும் ஒரு சிலர் இருப்பினம். அவையிட்ட இளம் பெடியளைப் பழக விடோணும், அந்தக் கையளும் போயிட்டா பிறகு வெளிநாட்டில இருந்து ஆள் கூப்பிட்டுத்தான் எங்கட சுவருக்கு நாங்கள் பூச்சுப் பூசோணும்.

சட்டம் இல்லை எண்டும் சொல்ல ஏலாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தின கட்டடம் எல்லாம் புராதனச் சின்னம். சட்டத்தால கல்லைக் கழட்டினவனைப் பிடிக்கலாம், பத்தை வெட்ட, ஆலஞ்செடி பிடுங்க, உச்சியை மூடச் சட்டத்தால ஏலாது. அதுக்கு ஆள் வேணும், ஒவ்வொரு மாரி முடிய ஒருக்கா வந்து பாக்கிற ஆள். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கொழும்பில இருக்கிற எங்கட ஊர் ஒன்றியங்கள் எல்லாம் கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் எவ்வளவு காசு சேர்க்கினம். அதில ஒரு சின்னப் பங்கை, உரிய அனுமதியோட, தொல்பொருள் தெரிஞ்ச ஆளின்ட மேற்பார்வையில, இப்பிடி ஒரு இடத்துக்கு ஒதுக்க ஏலாதோ? 1779இல அந்தக் கிராமத்து ஆக்களிட்ட எங்களிட்ட இருக்கிற வசதியில கால்வாசி கூட இருந்திருக்காது.

கொழும்பு ஆக்கள் இதை யாழ்ப்பாணத்துக் கதை எண்டு விட்டிடாதேங்கோ. புறக்கோட்டை மெயின் வீதியில கெய்மன் வாசல் மணிக்கோபுரம் நிக்குது, டச்சுக்காரர் காலத்தில கோட்டை வாசல் அது. அதில தொங்கிற மணி கோட்டேயில இடிஞ்சு கிடந்த போர்த்துக்கேயர் தேவாலயத்தில இருந்து எடுத்தது எண்டு சொல்லுவினம். அதுக்குக் கீழால நாட்டாமிமார் மூட்டை சுமந்து போகினம், நாங்கள் துணிக்கடைக்கும் சாமான் கடைக்கும் எத்தினை தரம் போய் வந்திருப்பம், ஒருக்காலும் நிமிர்ந்து பாத்ததில்லை. அங்கயிருந்து கொஞ்சத் தூரம் நடந்தா மேட்டில வுல்வெண்டால் தேவாலயம், 1749இல கட்டத் தொடங்கி 1757இல திறந்தது, அதுவும் சிலுவை வடிவம், இண்டைக்கும் அதில தமிழிலயும் ஆராதனை நடக்குது. யாழ்ப்பாணத்தில போனது எப்பிடி இருந்திருக்கும் எண்டு ஒரு பிள்ளைக்குக் காட்டோணும் எண்டா இந்தத் தேவாலயத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவரின்ட தடிப்பையும் உயரத்தையும் காட்டலாம். பிறகு கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் அத்திவாரக் கோட்டில நடக்க விடலாம், அத்திவாரம் தெரியுற மாதிரி ஆராவது துப்புரவாக்கி வைச்சிருந்தா.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. தேவாலயம் இருந்த இடத்தில பூச்சி பாம்பு ஒளிக்கிற பத்தையை வெட்டித் துப்புரவாக்கி, விழுந்த கல்லை வகை பிரிச்சு அடுக்கி, ஒவ்வொண்டுக்கும் இலக்கம் போட்டு, மிஞ்சி நிக்கிற சுவரின்ட உச்சியைச் சுண்ணாம்பால மூடி, சிலுவை வடிவம் நிலத்தில தெரிய விட்டு, ஒரு நல்ல போர்ட் வைக்கோணும். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டிலயும், பிழை இல்லாத தமிழில. அந்தப் போர்ட்டில 1706உம் இருக்கோணும், 1990உம் இருக்கோணும், ரெண்டையும் ஒளிக்காம. சீமெந்துப் பக்கெட் ஒண்டும் அந்த வாசலுக்குள்ள வரக்கூடாது.

உங்களிட்ட ஒரு உதவி கேக்கிறன் ஐயா. அந்தத் தேவாலயத்தின்ட படங்கள், 1990க்கு முந்தி எடுத்தது, எங்கட வீடுகளில அல்பங்களுக்குள்ள கட்டாயம் இருக்கும். பள்ளிக்கூடச் சுற்றுலா போனவை, கோட்டைக்குள்ள வேலை செய்தவை, அந்தப் பக்கம் குடியிருந்தவை எடுத்திருப்பினம். கனடாவிலயும் லண்டனிலயும் கூடக் கிடக்கும், யன்னல் ஒண்டு, வாசல் ஒண்டு பின்னால தெரிஞ்சாலும் காணும், எந்தக் கல்லு எங்க இருந்தது எண்டு பாக்கிறவைக்கு அதுவே பெரிய உதவி. உங்கட பேப்பரில ஒரு சின்ன அறிவித்தல் போட்டு அந்தப் படங்களின்ட பிரதியை அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ, வந்ததைப் பிரசுரியுங்கோ. படத்துக்குப் பின்னால எழுதியிருக்கிற திகதியையும், எடுத்த இடத்தையும் சேர்த்து எழுதி அனுப்பச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
ஒரு வாசகி
வெள்ளவத்தை, கொழும்பு 06